கிளச் வழுக்குகிறதா, ஒட்டுகிறதா?

நம்ம தோட்டங்களில் இன்று பல வீடுகளில் மோட்டார் சைக்கிள் நிற்கிறது. பிள்ளையை டியூசனுக்கு விடவும், இராத்திரியில் சுகமில்லாதவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகவும் அதுதான் கைகொடுக்கிறது. ஆனால் மேட்டில் பாதி ஏறியதும், "எஞ்சின் கத்துது, வண்டி ஏறமாட்டேங்குது" என்று நிற்க வேண்டி வந்தால், பெரும்பாலும் கோளாறு கிளச்சில்தான். சில கோளாறுகளை லயத்து வாசலிலேயே செலவில்லாமல் சரிசெய்யலாம். சிலவற்றைக் கராஜுக்குத்தான் கொண்டு போக வேண்டும். எது எது என்று இந்தப் பாடத்தில் பார்ப்போம்.

கிளச் என்ன செய்கிறது?

எஞ்சினின் சக்தியைக் கியருக்குக் கொடுப்பதும், வேண்டாதபோது பிரித்து விடுவதும் கிளச்சின் வேலை. உள்ளே உராய்வுத் தட்டுகளும் இரும்புத் தட்டுகளும் ஒன்று விட்டு ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கும். ஸ்பிரிங்குகள் அவற்றை இறுக்கிப் பிடிக்கும். லீவரைப் பிடித்தால் கேபிள் இழுபட்டு, தட்டுகள் விலகும். நாம் ஓட்டும் சிறிய பைக்குகள் பெரும்பாலானவற்றில் இந்தத் தட்டுகள் எஞ்சின் ஒயிலிலேயே நனைந்தபடி வேலை செய்கின்றன.

இரண்டு கோளாறுகள்

1. வழுக்குதல்: எக்ஸலேட்டரைத் திருகினால் சத்தம் கூடும், வேகம் கூடாது. மேட்டிலும் பாரம் ஏற்றும்போதும் நன்றாகத் தெரியும். கருகிய வாடையும் வரலாம். தட்டுகள் இறுகப் பிடிக்கவில்லை என்று அர்த்தம்.

2. ஒட்டுதல்: லீவரை முழுதாகப் பிடித்தும் வண்டி முன்னே இழுக்கும். நியூட்ரல் விழாது, கியர் "டக்" என்று அடிக்கும். தட்டுகள் சரியாக விலகவில்லை என்று அர்த்தம்.

முதலில் கேபிளைப் பாருங்கள்

லீவரை மெதுவாக இழுத்தால், கேபிள் இறுகுவதற்கு முன் கொஞ்சம் சும்மா அசையும். இதைத்தான் 'பிளே' என்கிறோம். பல சிறிய பைக்குகளில் லீவரின் நுனியில் அளந்தால் இது 10 முதல் 20 மில்லிமீற்றர் வரை இருக்கும். உங்கள் வண்டியின் கையேட்டில் உள்ள அளவே சரியானது.

பிளே இல்லாவிட்டால் கிளச் வழுக்கும். அதிகமானால் ஒட்டும். லீவருக்குப் பக்கத்தில் உள்ள பூட்டு நட்டைத் தளர்த்தி, திருகியை உள்ளே திருகினால் பிளே கூடும், வெளியே திருகினால் குறையும். அங்கே இடம் போதாவிட்டால் எஞ்சின் பக்கத் திருகியில் செய்யுங்கள். எஞ்சின் ஆறிய பிறகு செய்யுங்கள், சூட்டில் கை வெந்துவிடும். முடிந்ததும் நட்டை இறுக்கி, ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்பிப் பாருங்கள். பிளே மாறினால் கேபிள் எங்கோ சிக்கியிருக்கிறது.

லீவர் பக்கத்து நுனியில் கேபிளின் கம்பி ஒன்றிரண்டு இழை அறுந்திருந்தாலே புதுசு மாற்றுங்கள். மழை மலையில் கேபிள் சீக்கிரம் துருப்பிடிக்கும். அது நடு வழியில் அறுந்தால் எக்ஸலேட்டரை விட்டு, பிரேக் பிடித்து நிறுத்துங்கள். அதற்குப் பிறகு ஓட்டாதீர்கள், தள்ளிக்கொண்டு போங்கள்.

ஒயிலில் கவனம்

மலிவு என்று கார் ஒயில் ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். சில கார் ஒயில்களில் வழுக்கலைக் கூட்டும் மருந்து சேர்த்திருக்கும். அது நனைந்த கிளச்சுக்கு ஆகாது. போத்தலில் 'ஜாசோ எம்.ஏ.' என்ற குறி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

எப்போது கராஜுக்குப் போவது?

பிளே சரி, ஒயில் சரி, ஆனாலும் வழுக்குகிறது என்றால் தட்டு தேய்ந்திருக்கும், அல்லது ஸ்பிரிங் தளர்ந்திருக்கும். அதே போல, பிளே சரியாக இருந்தும் ஒட்டினால் தட்டு வளைந்திருக்கலாம். இதற்கு எஞ்சின் மூடியைக் கழற்ற வேண்டும். பழகிய பாஸிடம் கொடுங்கள். கழற்றிய பழைய தட்டைக் காட்டச் சொல்லிப் பாருங்கள்.

இறக்கத்தில் உயிர் இருக்கிறது

பெற்றோல் மிச்சம் பிடிக்கலாம் என்று இறக்கத்தில் கிளச்சைப் பிடித்துக்கொண்டு, அல்லது நியூட்ரலில் இறங்கும் பழக்கம் நம்ம பையன்களிடம் உண்டு. அப்போது எஞ்சின் வண்டியைப் பிடித்து நிறுத்தாது. பாரம் முழுவதும் பிரேக்கின் மேல் விழும். நீண்ட இறக்கத்தில் பிரேக் சூடேறிப் பிடிப்பு விட்டுவிடும். இறம்பொடைப் பக்கம் போல வளைவு வளைவாக இறங்கும் பாதைகளில் இது உயிருக்கே ஆபத்து. எந்தக் கியரில் ஏறுவோமோ, அதே கியரில் இறங்குவதுதான் நல்லது. மேட்டில் நிற்கும்போதும் பாதிக் கிளச்சில் வண்டியைப் பிடித்து வைக்காமல் பிரேக்கைப் பிடியுங்கள். தட்டு தேயாது.

வீட்டில் பேசிப் பாருங்கள்

1. நம்ம வண்டியில் பிளே எவ்வளவு இருக்கிறது?
2. கடைசியாக ஒயில் மாற்றியது எப்போது, எந்த ஒயில்?
3. இறக்கத்தில் நம்ம வீட்டுப் பிள்ளை கிளச்சைப் பிடிக்கிறாரா?