ஜும்ஆ உரை: சீசன் முடிந்தும் நிற்காத செலவுகள்

 

யூசுஃப் நபி (அலை) அவர்களின் வரலாற்றை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். அரசர் கனவில் ஏழு கொழுத்த பசுக்களையும் ஏழு மெலிந்த பசுக்களையும் கண்டார். நபியவர்கள் கனவுக்கு விளக்கம் சொன்னதோடு நிற்கவில்லை, ஒரு திட்டமும் சொன்னார்கள். விளைச்சல் நன்றாக இருக்கும் ஏழு ஆண்டுகளில் உண்பதற்குத் தேவையான கொஞ்சத்தை எடுத்துக்கொண்டு மீதியைக் கதிரோடு வைத்துவிட வேண்டும், பின்னால் வரும் பஞ்ச காலத்துக்கு அது உதவும் என்பது அந்தத் திட்டம்.

ஏற்காட்டில் வாழும் நமக்கு இந்த வரலாறு மிக நெருக்கமானது. கொழுத்த மாதமும் மெலிந்த மாதமும் இங்கே ஆண்டுதோறும் வருகின்றன. ஏப்ரல், மே மாதங்களில், கோடை விழா சமயத்தில், ஏரிக்கரை முதல் சேர்வராயன் கோயில் வரை வண்டிகள் நிற்க இடம் இருக்காது. கடை வைத்திருப்பவர், டாக்ஸி ஓட்டுபவர், விடுதியில் வேலை செய்பவர் எல்லோர் கையிலும் காசு புரளும். பிறகு மழை வந்துவிடும். காப்பிப் பழம் பறிக்கும் வேலையும் மிளகு பறிப்பும் அததற்கான மாதங்களில்தான். வருமானம் சீசனுக்கு சீசன் வருகிறது. செலவு மட்டும் மாதா மாதம் வாசலில் நிற்கிறது.

கை காய்ந்த மாதத்தில் நீங்கள் முதலில் எதை நிறுத்துகிறீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். பிள்ளைகளின் பால் ஒரு பாக்கெட் குறைகிறது. அத்தாவின் மாத்திரை அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போகிறது. கணவரை இழந்த சகோதரிக்கு அனுப்பும் ஐநூறு ரூபாய் நின்றுபோகிறது. இவற்றையெல்லாம் ஒவ்வொரு முறையும் கையால் எடுத்துக் கொடுக்க வேண்டியிருக்கிறது, அதனால் நிறுத்துவது எளிது. தானாகப் போகும் பணம் மட்டும் போய்க்கொண்டே இருக்கிறது.

பனீ இஸ்ராயீல் அத்தியாயத்தின் 26, 27ஆம் வசனங்களில் வீண்விரயம் செய்பவர்கள் ஷைத்தானின் சகோதரர்கள் என்று அல்லாஹ் கண்டிக்கிறான். இதை எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். ஆனால் அந்தப் பேச்சு எங்கே தொடங்குகிறது? உறவினருக்கும் ஏழைக்கும் வழிப்போக்கருக்கும் உரிய ஹக்கைக் கொடுக்கும்படி சொல்லிவிட்டுத்தான் விரயத்தைத் தடுக்கிறான். விரயமாகும் பணத்தில் யாரோ ஒருவருடைய ஹக் இருக்கிறது என்றுதான் நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

சரி, எங்கே தேடுவது? கைப்பேசியில் தொடங்குங்கள். பணம் அனுப்பும் யுபிஐ செயலியில் ‘ஆட்டோபே’ என்று ஒரு பகுதி இருக்கும். திறந்து பார்த்தால் எந்தெந்தச் சந்தாவுக்கு நீங்கள் அனுமதி கொடுத்திருக்கிறீர்கள் என்று பட்டியல் வரும். முதல் மாதம் ஒரு ரூபாய் என்று சொன்னதால் பிள்ளைகள் அழுத்திய ஓடிடி சந்தா, எப்போதோ பார்த்து மறந்த விளையாட்டுச் செயலி எல்லாம் அங்கே இருக்கலாம். அங்கேயே ரத்து செய்யலாம். இப்படித் தானாக எடுக்கப்படும் பணத்துக்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பே தகவல் அனுப்ப வேண்டும் என்ற ரிசர்வ் வங்கியின் விதி 2021 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. தகவல் வரத்தான் செய்கிறது, நாம் படிப்பதில்லை.

அடுத்து ரீசார்ஜ். 28 நாள் திட்டம் என்றால் ஆண்டுக்கு 12 முறை அல்ல, 13 முறை கட்டுகிறீர்கள். நான்கு கைப்பேசி உள்ள வீட்டில் 52 ரீசார்ஜ். 30 நாள் திட்டம் ஒன்றாவது கட்டாயம் தர வேண்டும் என்று டிராய் 2022 ஜனவரியில் உத்தரவிட்டது. இணையமே தொடாத பெரியவர்களுக்குப் பேச்சும் குறுஞ்செய்தியும் மட்டும் கொண்ட திட்டங்களும் 2025 தொடக்கத்தில் வந்துவிட்டன. நம்மா தினமும் 2 ஜிபியை என்ன செய்யப் போகிறார்?

மின்சாரம் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியது. இந்தக் குளிரில் சுடுதண்ணீர் தேவைதான், அதை யாரும் ஆடம்பரம் என்று சொல்ல முடியாது. ஃபஜ்ருக்கு எழுந்தவர் போட்ட கீசர் எட்டு மணி வரை ஓடுவதுதான் பிரச்சினை. 2,000 வாட் கீசர் தினமும் ஒரு மணி நேரம் மின்சாரம் எடுத்தால் இரண்டு மாதத்தில் 120 யூனிட். அதோடு படி தாண்டும் கணக்கு ஒன்று இருக்கிறது. 2022 செப்டம்பரில் அமலான கட்டணப்படி இரண்டு மாதத்தில் 500 யூனிட் வரை போனால் பில் 1,725 ரூபாய். 501 யூனிட் ஆனால் 1,958. ஒரே ஒரு யூனிட்டுக்கு 233 ரூபாய்! 500-ஐத் தாண்டியதும் 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்குத் தந்த சலுகையை எடுத்துவிடுவதால் வரும் வித்தியாசம் இது. பிறகு விகிதங்கள் மாறியிருக்கின்றன. உங்கள் பில்லில் எத்தனை யூனிட் என்று பாருங்கள். 500-ஐ ஒட்டி இருக்கும் வீட்டுக்கு, கணக்கெடுக்க வருவதற்கு முந்தைய வாரம் முக்கியம்.

இவற்றையெல்லாம் விடப் பெரிய ஓட்டை வட்டி. நகையை அடகு வைத்துவிட்டு ஆண்டுக்கணக்கில் வட்டி மட்டும் கட்டுகிற வீடுகள் உண்டு. நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் என்றாலே ஒரு லட்சத்துக்கு ஆண்டுக்கு 12,000 ரூபாய், அசல் அப்படியே நிற்கும். வட்டி ஹராம் என்று தெரியாதவர் யாரும் இங்கே இல்லை. சீசன் பணம் வரும்போது புது ஃபோனுக்கு முன்னால் இதை மீட்டுவிடுங்கள். முடியாவிட்டால் நகையில் ஒரு பகுதியை விற்று மீதியை மீட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஆண்களுக்கு ஒரு வார்த்தை. சிக்கனம் என்ற பெயரில் வீட்டுச் செலவுக்குக் கொடுப்பதில் கை வைக்காதீர்கள். அபூ சுஃப்யான் (ரலி) போதுமான அளவு கொடுப்பதில்லை என்று அவருடைய மனைவி ஹிந்த் (ரலி) முறையிட்டபோது, தனக்கும் பிள்ளைக்கும் போதுமானதை நியாயமான அளவில் எடுத்துக்கொள்ள நபி (ஸல்) அவர்கள் அனுமதித்தார்கள். புகாரியில் வரும் செய்தி இது. எது தேவை, எது வீண் என்று நீங்கள் தனியாக முடிவு செய்யாதீர்கள். மனைவியையும் பிள்ளைகளையும் உட்கார வைத்து, மாதா மாதம் போகும் ஒவ்வொன்றையும் ஒரு தாளில் எழுதுங்கள். உங்கள் டீக்கடைக் கணக்கையும் சிகரெட்டையும் அதே தாளில் எழுத வேண்டும்.

எழுதி முடித்ததும் நிறுத்திய தொகையைக் கூட்டுங்கள். அதிலிருந்து முதலில் சகோதரியின் ஐநூறு ரூபாயைத் திரும்பத் தொடங்குங்கள். மீதியைத் தனி உண்டியலிலோ தனிக் கணக்கிலோ மழை மாதங்களுக்காக வையுங்கள். இதை மே மாதம் முடிவதற்குள், கையில் காசு இருக்கும்போதே செய்துவிடுங்கள்.