கடைசியாகச் சந்தேகிக்க வேண்டிய பெட்டி

இன்ஜெக்‌ஷன் பைக் ஒன்று செல்ஃப் சுற்றியும் ஸ்டார்ட் ஆகாமல் நின்றால், பட்டறையில் சைடு கவரைக் கழற்றும் முன்பே ஒரு தீர்ப்பு வந்துவிடுவதுண்டு: “ஈசியு போயிடுச்சு, மாத்தணும்.” இந்த நம்பிக்கைக்கு வயது அதிகமில்லை. 2020 ஏப்ரல் 1இல் பிஎஸ்-6 மாசு விதிகள் நாடெங்கும் நடைமுறைக்கு வந்தபோது, புதிய பைக்குகளில் பெரும்பாலானவை கார்ப்பரேட்டரைக் கைவிட்டன. எவ்வளவு பெட்ரோல், எந்தக் கணத்தில் ஸ்பார்க் என்று முடிவு செய்யும் வேலை, சீட்டுக்கு அடியிலோ பக்கவாட்டு மூடிக்குள்ளோ இருக்கும் ஈசியு என்ற உள்ளங்கையளவு பெட்டியிடம் போய்ச் சேர்ந்தது. கார்ப்பரேட்டரைக் கழற்றி ஜெட்டை ஊதிப் பார்க்கலாம். இந்தப் பெட்டிக்குள் எதையும் பார்க்க முடியாது. புரியாத பொருள்மீது சந்தேகம் விழுவது இயல்புதான். ஆனால் அந்தச் சந்தேகத்துக்கு வண்டிக்காரர் கொடுக்கும் விலை பல ஆயிரம் ரூபாய். வாங்கிய மின்பொருளை ஸ்பேர் கடைகள் பொதுவாகத் திருப்பி எடுப்பதுமில்லை.

பெட்டி எப்படிச் செய்யப்பட்டிருக்கிறது என்பதிலிருந்தே தொடங்கலாம். அதில் அசையும் பாகம் ஒன்றுகூடக் கிடையாது. சர்க்யூட் போர்டின்மேல் பிசினோ சிலிக்கான் ஜெல்லோ ஊற்றி, அதிர்வும் ஈரமும் எளிதில் தீண்டாதபடி அடைத்திருப்பார்கள். அதற்கு வெளியே இருப்பவற்றைப் பாருங்கள்: ஹேண்டில் திரும்பும்போதெல்லாம் மடங்கி நிமிரும் வயரிங், மழையிலும் வாட்டர் வாஷிலும் நனையும் கப்ளர்கள், துருப்பிடித்த போல்ட்டில் மாட்டியிருக்கும் எர்த், மூன்று நான்கு வருடம் உழைத்துக் களைத்த பேட்டரி. எது முதலில் பழுதாகும் என்று ஊகிக்கப் பெரிய படிப்பு வேண்டாம். சாவியைத் திருப்பியதும் பெட்ரோல் பம்ப் இரண்டு மூன்று நொடி ‘உய்ய்’ என்று ஓடி நிற்கிறதா, மீட்டரில் செக் இன்ஜின் லைட் எரிகிறதா என்று கவனியுங்கள். இரண்டும் நடந்தால், அநேகமாக எல்லா மாடல்களிலும் அந்தப் பெட்டி விழித்திருக்கிறது என்று பொருள். அதன் உறுப்புகள் எல்லாமே நலம் என்று அதை வைத்துச் சொல்லிவிட முடியாது. இன்ஜெக்டரையோ காயிலையோ இயக்கும் டிரான்சிஸ்டர் மட்டும் போயிருக்கலாம். ஆனால் ‘மொத்தமா செத்துப்போச்சு’ என்ற தீர்ப்பு அங்கேயே அடிபட்டுப்போகிறது. இரண்டுமே நடக்கவில்லை என்றால்தான் பலர் பெட்டியைக் கழற்றுகிறார்கள். அப்போதும் முதலில் பார்க்க வேண்டியது ஃபியூஸ், ரிலே, கில் சுவிட்ச், பெட்டிக்கு வரும் 12 வோல்ட், அதன் எர்த் ஆகியவற்றைத்தான். சோறு போடாமல் ஆளை வேலை செய்யவில்லை என்று குறை சொல்ல முடியுமா?

எர்த் விஷயத்தில் சற்று நிற்க வேண்டும், ஏனென்றால் அதிகம் ஏமாற்றுவது அதுதான். டெஸ்ட் லாம்ப் எரிந்தது, எர்த் சரி என்பார்கள். சின்ன பல்பு எரிய மெல்லிய இணைப்பே போதும். செல்ஃப் சுற்றும்போது அதே இணைப்பு சுமை தாங்காமல் போகலாம். மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவிலும் மறுமுனையைப் பெட்டியின் எர்த் பின்னிலும் வைத்து, செல்ஃபை அழுத்திப் பார்க்க வேண்டும். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் வழியில் எங்கோ தடை இருக்கிறது. அதே நேரத்தில் பேட்டரி 10 வோல்ட்டுக்கும் கீழே சரிந்தால், பெட்டி பாதி வழியில் மயங்கி மயங்கி எழும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டுமே ‘ஈசியு கோளாறு’ போலத்தான் தோன்றும். வண்டி கீழே விழுந்த பிறகு ஸ்டார்ட் ஆகவில்லை என்றாலும் இதே பழி வருகிறது. பல பைக்குகளில் சாய்வைக் கண்டறியும் சென்சார் இருக்கிறது. வண்டி சாய்ந்ததும் பெட்ரோலையும் ஸ்பார்க்கையும் நிறுத்துவது அதன் வேலை. நிமிர்த்தி, சாவியை ஆஃப் செய்து மீண்டும் ஆன் செய்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

“ஸ்கேனர் போட்டுப் பார்த்தோம், கோட் வந்திருக்கு” என்பது வலுவான மறுப்பு. அதை அலட்சியப்படுத்தக் கூடாது. ஆனால் கோட் என்ன சொல்கிறது என்று கவனமாகப் படிக்க வேண்டும். குறிப்பிட்ட ஒரு வயரில் வரும் வோல்ட்டேஜ் எதிர்பார்த்த எல்லைக்குள் இல்லை என்பதுதான் பெரும்பாலும் அதன் செய்தி. சென்சார் கெட்டதா, வயர் அறுந்ததா, கப்ளரில் பச்சை பிடித்ததா என்று அது சொல்வதில்லை. இன்னொரு சிக்கலும் உண்டு. த்ராட்டில், காற்றழுத்தம் போன்ற சென்சார்கள் பலவற்றுக்கும் பெட்டி ஒரே 5 வோல்ட் இணைப்பிலிருந்துதான் மின்சாரம் தருகிறது. அவற்றில் ஒன்று ஷார்ட் ஆனால் 5 வோல்ட் மொத்தமும் விழுந்துவிடும். நான்கைந்து கோட்கள் ஒரே நேரத்தில் வரிசைகட்டும். இத்தனை சென்சாரும் ஒன்றாகவா கெடும், பெட்டிதான் போயிருக்கும் என்று முடிவுகட்டுவது அங்கேதான். சென்சார்களின் கப்ளர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே அந்த 5 வோல்ட்டைப் பாருங்கள். ஒன்றைக் கழற்றியதும் வோல்ட்டேஜ் திரும்பி வந்தால் குற்றவாளி அந்த சென்சார் அல்லது அதன் வயர்.

இதைவிட வலுவான மறுப்பு இன்னொன்று உண்டு: “புது ஈசியு போட்டோம், வண்டி ஓடுது. இதுக்கு மேல என்ன ஆதாரம் வேணும்?” பெட்டியை மாற்றும்போது உண்மையில் இரண்டு காரியங்கள் நடக்கின்றன. பெட்டி மாறுகிறது; கப்ளரும் கழன்று மீண்டும் அழுத்தி மாட்டப்படுகிறது. பின்னில் படிந்திருந்த பச்சை அந்த உரசலிலேயே கொஞ்சம் விலகிவிடும். வண்டி ஓடியது எதனால்? இதைப் பிரித்தறிய எளிய வழி, பழைய பெட்டியைத் திரும்ப மாட்டிப் பார்ப்பதுதான். பழையதில் நிற்கிறது, புதியதில் ஓடுகிறது, மறுபடி பழையதில் நிற்கிறது என்றால் குற்றம் நிரூபணமானது. பழையதை மாட்டியும் ஓடினால் பிரச்சினை கப்ளரில் இருந்தது; ஓரிரு மழைக்குப் பிறகு புதுப் பெட்டியோடும் அது திரும்பி வரும். இந்தக் கடைசி ஐந்து நிமிடச் சோதனையைச் செய்யாமல் விடுவதுதான் இந்த நம்பிக்கையை உயிரோடு வைத்திருக்கிறது. நன்றாக ஓடும் வேறொரு வண்டியின் பெட்டியைக் கடன் வாங்கி மாட்டிப் பார்ப்பதும் முறையான சோதனைதான். ஆனால் பவர், எர்த் இரண்டையும் அளந்த பிறகே செய்ய வேண்டும்; ஸ்டார்ட் ஆனதும் சார்ஜிங்கையும் அளக்க வேண்டும். இல்லையென்றால் நல்ல பெட்டியும் சேர்ந்து பலியாகலாம்.

பெட்டிகள் சாகவே சாகாதா என்றால், நிச்சயம் சாகும். ஆனால் அநேகமாக ஏதோ ஒன்று அவற்றைக் கொல்கிறது. ரெக்டிஃபையர் கெட்டு, 14.5 வோல்ட்டோடு நிற்க வேண்டிய சார்ஜிங் கட்டுப்பாடின்றி ஏறுவது ஒரு காரணம். பேட்டரியைத் தலைகீழாக மாட்டுவது இன்னொன்று. இன்ஜின் ஓடும்போதே பேட்டரி டெர்மினலைக் கழற்றி ‘சார்ஜிங் டெஸ்ட்’ செய்யும் கார்ப்பரேட்டர் காலத்துப் பழக்கம் மூன்றாவது. அந்த நொடியில் எழும் வோல்ட்டேஜ் பாய்ச்சலை உறிஞ்சிக்கொள்ள அங்கே பேட்டரி இல்லை. பிளக் கேப்பைக் கழற்றி எர்த்தில் தொடாமல் ஸ்பார்க் பார்ப்பதும் காயிலை இயக்கும் டிரான்சிஸ்டரைப் பதம் பார்க்கும். கார் பேட்டரியிலிருந்து ஜம்ப் ஸ்டார்ட் செய்தால் ‘ஆம்ப்ஸ் அதிகமாகி’ பெட்டி எரியும் என்பது மட்டும் தவறான பயம். இரண்டுமே 12 வோல்ட். வண்டி தனக்கு வேண்டிய ஆம்பியரை மட்டுமே இழுத்துக்கொள்ளும். வயர் மாறுவதும், லாரியின் 24 வோல்ட்டில் மாட்டுவதும்தான் ஆபத்து.

வெள்ளத்தில் மூழ்கிய பைக்குக்குத் தனி நியாயம் உண்டு. 2015 வெள்ளத்தில் சென்னையில் மூழ்கியவற்றில் பெரும்பாலானவை கார்ப்பரேட்டர் வண்டிகள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது இன்ஜெக்‌ஷன் வண்டிகள் ஏராளமாகத் தண்ணீரில் நின்றன. தண்ணீர் பட்டதால் மட்டும் பெட்டி உடனே கெடுவதில்லை. நனைந்த பின்களுக்கு இடையே பேட்டரியின் மின்சாரம் ஓடிக்கொண்டே இருப்பதால் உலோகம் அரிக்கிறது. எனவே ‘ஸ்டார்ட் ஆகுதா பாப்போம்’ என்று சாவியைத் திருப்புவதுதான் செய்யக் கூடாத முதல் காரியம். பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு, கப்ளர்களைத் திறந்து, நல்ல தண்ணீரால் சேற்றை நீக்கி, கான்டாக்ட் கிளீனர் அடித்து முழுக்க உலரவிட வேண்டும். நாள் கடந்தும் பேட்டரி மாட்டியபடியே கிடந்த வண்டியில்தான் பெட்டி உண்மையிலேயே போயிருக்க வாய்ப்பு அதிகம்.

அப்படிப் போனது உறுதியானால், சென்னைப் புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடைகளில் அதே மாடல் பெட்டி பாதி விலைக்குக் கிடைக்கும், மாட்டினால் வேலை முடிந்தது என்பது அடுத்த நம்பிக்கை. இம்மொபிலைசர் இல்லாத வண்டியில், பார்ட் நம்பர் எழுத்துக்கு எழுத்து பொருந்தினால், இது பலிக்கக்கூடும். ஆனால் ஒரே பெயரில் வந்த பிஎஸ்-4, பிஎஸ்-6 வண்டிகளின் பெட்டிகள் வேறு வேறு கணக்குகளோடு வருகின்றன. வெளித்தோற்றமும் கப்ளரும் ஒன்றாக இருந்தாலும் கலவை பிசகும். சாவிக்குள் சிப் இருக்கும் வண்டியில், ஹோண்டாவின் ஹிஸ் அமைப்பு போல, சாவியை அடையாளம் காண்பதும் பெட்டியின் வேலை. முன்பின் தெரியாத சாவிக்கு அது இன்ஜினை ஓடவிடாது. புதுப் பெட்டியில் சாவியைப் பதிவு செய்ய வேண்டும். சில மாடல்களில் த்ராட்டிலின் ஓய்வு நிலையையும் ஸ்கேனர் வழியாகக் கற்பிக்க வேண்டியிருக்கும். பேட்டரியைப் பத்து நிமிடம் கழற்றிவைத்தால் எல்லாம் ‘ரீசெட்’ ஆகிவிடும் என்பதை இங்கே நம்ப வேண்டாம். பெட்டியின் அடிப்படைக் கணக்கு, மின்சாரம் போனாலும் அழியாத நினைவகத்தில் இருக்கிறது. அதிகம்போனால் ஓட்டத்தில் அது கற்றுக்கொண்ட சின்னத் திருத்தங்கள் மட்டுமே அழியும்.

பழைய பெட்டியைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மாற்றிய வண்டி முதல் முறை ஸ்டார்ட் ஆனதும் பேட்டரி முனைகளில் மல்டிமீட்டரை வைத்து, ஆக்ஸிலேட்டரை மெல்ல முறுக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். எண் 14.5ஐத் தாண்டி 15, 16 என்று ஏறினால், பழையதைக் கொன்றது எது என்று தெரிந்துவிட்டது. உடனே இன்ஜினை அணைத்துவிட்டு, ரெக்டிஃபையரை மாற்றும்வரை வண்டியைத் தொடாமல் நிறுத்திவைக்க வேண்டும்.