பழைய அச்சுப் படமும் அதன் சிகிச்சையும்

பாடப் புத்தகத்துக்கு அட்டை போட எதை எடுப்பீர்கள்? போன வருஷத்துக் காலண்டரைத்தான். சிவகாசிக்குப் பக்கத்தில் வாழும் நமக்கு வர்ணப் படத்துக்குப் பஞ்சமே இல்லை. ஆகவே ஓர் அச்சுப் படத்தை அரிய பொருள் என்று யாராவது சொன்னால் சிரிப்புத்தான் வரும். ஆயிரக்கணக்கில் அச்சானது எப்படி அரிதாகும்? ஆயிரக்கணக்கில் அச்சானதாலேயே அதை எவரும் பத்திரப்படுத்தவில்லை.

இருக்கன்குடியில் என் பாட்டி வீட்டுக் கூடத்தில் ஒரு லட்சுமி படம் தொங்கியது. புடவைக்கு ஜரிகையும் ஜிகினாவும் வைத்துத் தைத்திருந்தார்கள். அடி ஓரத்தில் ரவிவர்மா பிரஸ் என்ற எழுத்துகள் பாதி தெரியும். மீதியைச் சட்டம் போட்டவர் அளவுக்காக வெட்டிவிட்டார். படத்தின் பிறப்புச் சான்றிதழே அந்த ஓரம்தான்!

ஓவியர் ராஜா ரவிவர்மா (1848–1906) தம் எண்ணெய் வர்ணச் சித்திரங்கள் அரண்மனையோடு நின்றுவிடாமல் எளியோர் வீட்டுக்கும் போகவேண்டும் என்று விரும்பி, 1894ஆம் ஆண்டு பம்பாயில் அச்சகம் தொடங்கினார். இயந்திரமும் தொழில்நுட்பம் அறிந்தவர்களும் ஜெர்மனியிலிருந்து வந்தனர். வழவழப்பான சுண்ணாம்புக் கல்லில் கொழுப்பு மையால் வரைந்து, கல்லை நீரால் நனைப்பார்கள். நீர் நின்ற இடத்தில் அச்சு மை ஒட்டாது. கோடு இருக்கும் இடத்தில் மட்டும் ஒட்டும். ஒரு வர்ணத்துக்கு ஒரு கல். லட்சுமியின் ஒரு முகத்துக்கே எத்தனை கற்கள் மாறியிருக்கும், பாருங்கள்! கடைசியில் வார்னிஷ் பூசினால் எண்ணெய்ச் சித்திரம் போலவே பளபளக்கும். இதற்கு ஓலியோகிராப் என்று பெயர். அச்சகம் பின்னர் லோனாவ்லா அருகிலுள்ள மளவ்லிக்கு மாறியது. 1972இல் அங்கே தீப்பிடித்து ஏராளமான படங்கள் அழிந்தன.

நம் பக்கத்துக் கோவில்பட்டியில் குடியேறி, சிவகாசிக் காலண்டர்களுக்குத் தெய்வப் படங்கள் வரைந்த சி. கொண்டையராஜுவும் (1976இல் மறைந்தார்) அவருடைய சீடர்களும் அந்த வழியில் வந்தவர்களே. வீடுகளில் மாட்டியிருக்கும் பழைய திரு இருதய ஆண்டவர் படங்களிலும் இதே கல்லச்சில் ஆனவை உண்டு.

இனி என் குற்றத்தைச் சொல்கிறேன். ஒரு பொங்கலுக்கு வீடு சுத்தம் செய்யும்போது கண்ணாடியைக் கழற்றி, படத்தை ஈரத் துணியால் அழுத்தித் துடைத்தேன். கன்னத்து வர்ணம் காகிதத்தின் மேல்தோலோடு துணியில் வந்துவிட்டது. பயந்துபோய்ப் பக்கத்துக் கிழிசலில் செல்லோ டேப் ஒட்டினேன். அது அதைவிடப் பெரிய தவறு. டேப்பின் பசை நாளடைவில் காகிதத்துக்குள் இறங்கி, நீங்காத பழுப்புக் கறை ஆகிவிடுகிறது.

காகிதத்துக்கு நோய் பெரும்பாலும் பின்பக்கத்திலிருந்தே வருகிறது. பின்னால் அடித்த பலகையின் அமிலம் காகிதத்தில் ஏறி, அதை அப்பளம் போல நொறுங்க வைக்கும். மைதாப் பசைக்காக இராமபாணப் பூச்சி வரும். பூச்சிக்குப் பயந்து பசையில் மயில்துத்தம் கலந்தால் அதிலுள்ள தாமிரமும் காகிதத்தைக் கெடுக்கும்.

இதற்கென்றே வல்லுநர்கள் இருக்கிறார்கள். சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் 1930களிலேயே இரசாயனப் பாதுகாப்புக் கூடம் ஏற்பட்டது. அவர்கள் முதலில் மெல்லிய தூரிகையால் தூசி தட்டி, ஒவ்வொரு வர்ணத்தையும் மூலையில் பஞ்சால் தொட்டுச் சோதிப்பார்கள். பின்பக்க அட்டையைச் சிறுகச் சிறுக உரித்தெடுப்பார்கள். அமிலத்தைப் போக்கச் சுண்ணாம்புத் தெளிநீர் போன்ற காரநீர் உதவும். ஆனால் ஜரிகை தைத்த படத்தை நீரில் இட முடியாது. கிழிசலுக்குப் பின்னால் ஜப்பானிய மெல்லிழைக் காகிதத்தைக் கோதுமை மாவுச் சத்தின் பசையால் ஒட்டுவார்கள். நாளை வேறொருவர் நனைத்துப் பிரிக்க வேண்டுமென்றால் அது பிரிந்து வரும். எதைச் செய்தாலும் திரும்ப எடுக்கும்படி செய்யவேண்டும் என்பது அவர்களின் முதல் விதி.

படத்தின் நெற்றியில் பாட்டி வைத்த குங்குமக் கறை இருந்தது. அது அழுக்கா, படத்தின் சரித்திரமா? அதையும் ஜரிகையையும் விட்டுவைத்ததே சரி என்பேன். அவை அந்த வீட்டில் படம் வாழ்ந்ததன் அடையாளம்.

கன்னத்தை என்ன செய்வது என்று சீர்செய்தவர் கேட்டார். புதிதாக முகம் எழுதவேண்டாம், வெள்ளை உறுத்தாமல் சுற்றியுள்ள நிறத்தை மட்டும் நீர்வர்ணத்தால் காட்டுங்கள் என்றார் அம்மா. தூரத்தில் நின்றால் தெரியாது, கிட்டே போனால் தெரியும். பாட்டி இருந்தவரை, விளக்கேற்றும்போதெல்லாம் அந்தக் கன்னத்தைப் பார்த்துவிட்டு என்னையும் ஒரு தடவை பார்ப்பார்.