சேற்றில் வாழும் சிற்றுயிர்களும் நம் கடலும்



நம் மெர்லிமாவ் வட்டாரத்தில் வாழ்பவர்களுக்குக் கடல் எட்டாத பொருள் அன்று. செர்க்காம், அம்பாய்ப் பக்கம் போய்ச் சுட்ட மீன் சாப்பிட்டுத் திரும்பாத குடும்பம் குறைவு. அமாவாசை, பௌர்ணமி நாட்களில் நீர் வற்றும் நேரத்தில் நம் மேற்குக் கரையில் நின்றவர்கள், கடல் வெகுதூரம் பின்வாங்கிவிட, காலை வைத்தால் முழங்கால் வரை புதையும் கருஞ்சேறு பரந்து கிடப்பதைக் கண்டிருப்பார்கள். அழுகிய முட்டையைப் போன்ற வாடையும் எழும். “வெறும் சேறுதானே, இதில் என்ன இருக்கிறது?” என்று மூக்கைப் பொத்திக்கொண்டு நாம் திரும்பிவிடுகிறோம்.

அந்தச் சேற்றையே ஆய்வுக்கூடமாகக் கொண்டு கால் நூற்றாண்டு காலம் உழைத்தவர், மலாயாப் பல்கலைக்கழக விலங்கியல் துறையில் பணியாற்றிய டாக்டர் ஏ. சசேகுமார் அவர்கள். 1970-ஆம் ஆண்டு முதுகலைப் பட்டத்திற்காக அவர் எடுத்துக்கொண்ட பொருள், மலாயாவின் பாக்காவ் காட்டு விலங்குகள். 1974-இல் அது பற்றிய அவருடைய கட்டுரை பிரிட்டனில் வெளிவரும் விலங்குச் சூழலியல் சஞ்சிகையில் இடம்பெற்றது. கடலோரத்திலிருந்து நிலப்பக்கம் வரையில் எந்த நண்டு எங்கே, எந்த நத்தை எங்கே, நீர் ஏற்ற இறக்கத்துக்கும் மண்ணின் தன்மைக்கும் ஏற்ப அவை எப்படி இடம் பிரித்து வாழ்கின்றன என்பதே அதன் செய்தி. இருபது ஆண்டுகள் கழித்து, 1994-இல், சிங்கப்பூரிலிருந்து வரும் ராஃபிள்ஸ் விலங்கியல் சஞ்சிகையிலும் அவர் எழுதினார். அதே மேற்குக் கரை, அதே சேறு. இம்முறை அவர் எழுதியது கண்ணுக்குத் தெரியாத பிராணிகளைப் பற்றி. பட்டம் கைக்கு வந்ததும் பொருளை மாற்றிக்கொள்கிறவர்கள் உண்டு, இவர் மாற்றிக்கொள்ளவில்லை. திமிங்கிலத்தையும் சுறாவையும் ஆராய்கிறவர்களின் படம் பத்திரிகையில் வரும். புழுவை எண்ணுகிறவரை யார் படம் பிடிக்கப் போகிறார்கள்?

அவர் எண்ணிய உயிர்களுக்கு ‘மெயோபானா’ என்று பெயர். ‘சிறியது’ என்னும் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து 1942-இல் மோலி மேர் என்ற ஆங்கிலேயப் பெண்மணி இப்பெயரை உருவாக்கினார். ஒரு மில்லிமீட்டர் கண்ணுள்ள சல்லடையில் இவை விழுந்துவிடும். அதைவிடப் பதினைந்து இருபது மடங்கு நுண்ணிய சல்லடையில் தங்கிவிடும். இந்த இரண்டு சல்லடைகளுக்கும் இடையில் அகப்படுகிறவைதாம் இவை. பெரும்பாலானவை நூற்புழுக்கள். அடுத்தபடியாக, இறாலுக்குத் தூரத்து உறவான கோப்பிபொட் என்னும் ஓட்டுயிர்கள். இவற்றுள் பல, தாய், பிள்ளை, பேரன் என்று பல தலைமுறையையும் ஒரு கைப்பிடிச் சேற்றுக்குள்ளேயே முடித்துக்கொள்பவை.

எண்ணுவது எப்படி என்று கேட்கலாம். நீர் வற்றிய நேரத்தில் ஒரு சிறு குழாயைச் சேற்றில் செருகி எடுப்பார்கள். உள்ளே ஏறிய சேற்றுத் தண்டை மெல்லிய வட்டங்களாக அறுத்து, ஃபார்மலினில் போட்டு, ‘ரோஸ் பெங்கால்’ என்னும் சாயத்தைக் கலப்பார்கள். உயிர்கள் இளஞ்சிவப்பாக நிறமேறும். மண்ணும் இலைத்தூளும் ஏறாது. பிறகு சல்லடையில் அலசி, நுண்ணோக்கியின் கீழ் ஒவ்வொன்றாகப் பொறுக்கி எண்ண வேண்டும். இதற்குக் குறுக்கு வழி கிடையாது. ஒரே ஒரு குழாய்ச் சேற்றை எண்ணி முடிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிடும். வெறும் எண்ணிக்கையோடும் போயிற்றா? எந்த ஆழத்தில் எத்தனை, மழைக்காலத்தில் எத்தனை, வறட்சியில் எத்தனை என்று மாதக்கணக்கில் தொடர வேண்டும்.

அப்படி எண்ணியதில் கிடைத்த கணக்கு வியப்பூட்டுவது. பத்துச் சதுர சென்டிமீட்டர் பரப்பில், அதாவது ஒரு தீப்பெட்டி மறைக்கும் இடத்தில் பாதிக்குச் சற்று மேலான இடத்தில், ஏறக்குறைய நானூறிலிருந்து ஆயிரத்துக்கு மேல் வரை சிற்றுயிர்கள் இருந்தன. ஒரு சதுர மீட்டருக்குப் பெருக்கிப் பார்த்தால் நான்கு லட்சத்திலிருந்து பத்து லட்சத்தையும் தாண்டும். நாம் ‘வெறும் சேறு’ என்று சொன்ன இடம் அது!

இவை பெரும்பாலும் மேல்மட்டத்துச் சில சென்டிமீட்டருக்குள்ளேயே வாழ்கின்றன. அதற்குக் கீழே பிராணவாயு இல்லை. காற்றில்லாத அந்த அடுக்கில் வாழும் பாக்டீரியாக்கள் கந்தகத்தை வாயுவாக மாற்றி வெளியிடுவதுதான் நாம் மூக்கைப் பொத்தும் வாடை. நண்டு தோண்டும் வளை வழியாகக் காற்றும் நீரும் கீழே இறங்கும்போது, சிற்றுயிர்களும் அந்த வளையின் சுவரோரமாகக் கீழே குடியேறுகின்றன. ஒருவர் வீட்டு ஜன்னல் பலருக்குக் காற்று கொடுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தப் புழுக்களால் மனிதனுக்கு என்ன பயன் என்பது அடுத்த கேள்வி. உணவுச் சங்கிலிப் பாடம் நடத்தும்போது புல், மான், புலி என்று கரும்பலகையில் எழுதுவது ஆசிரியர்களின் வழக்கம். நம் கரைக்கு ஏற்ற வரிசை வேறு. பாக்காவ் இலை உதிர்கிறது. நண்டு அதை இழுத்துக் கடித்துத் துணுக்காக்குகிறது. துணுக்கின்மேல் பாக்டீரியா படர்கிறது. அதைச் சிற்றுயிர்கள் உண்கின்றன. அவற்றை இறால் குஞ்சும் மீன் குஞ்சும் உண்கின்றன. இது யூகம் அன்று. 1981-இல் டாக்டர் சோங் விங் சிங் அவர்களும் சசேகுமாரும் வெள்ளை இறாலின் வயிற்றில் உள்ளதை ஆராய்ந்து, அது வளர வளர என்னென்ன தின்கிறது என்று எழுதினார்கள். 1992-இல் இவ்விருவரும் மற்றவர்களுடன் சேர்ந்து வெளியிட்ட ஆய்வின்படி, சிலாங்கூரின் பாக்காவ் காட்டு ஓடைகளில் வலை போட்டுப் பார்த்தபோது 119 வகை மீன்களும் 9 வகை இறால்களும் அகப்பட்டன. மீன்களில் மிகுதியானவை குஞ்சுகள். நீர் ஏறும்போது உள்ளே வந்து மேய்ந்து, இறங்கும்போது கூடவே வெளியேறுபவை அவை. பின்னர் 2001-இல் டாக்டர் சோங் குழுவினர் பேராக்கின் மாத்தாங் காட்டில் இன்னொரு நுட்பமான சோதனை செய்து, இளம் இறாலின் உடலில் சேரும் சத்தில் பாக்காவ் காட்டின் பங்கு ஆற்று முகத்துக்குள்ளே அதிகமென்றும், கடல்பக்கம் போகப் போகக் குறைகிறதென்றும் காட்டினார்கள். பாக்காவ் இல்லையேல் கடலில் இறாலே இல்லை என்று மேடையில் முழங்குகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். உண்மை அவ்வளவு எளிதன்று. ஆனால் குஞ்சுப் பருவத்தில் அந்தக் காடு தரும் உணவையும் மறைவையும் மறுப்பதற்கில்லை.

சேற்றில் இன்னொரு வகை உண்டு. போராமினிபெரா என்னும் ஒற்றை உயிரணு உயிர்கள். கண்டிப்பாகச் சொன்னால் இவை விலங்கே அல்ல; ஆயினும் கடலடி ஆய்வாளர்கள் இவற்றை விடுவதில்லை. மணல் பருமனே உள்ள இவை தம்மைச் சுற்றிச் சுண்ணாம்பு ஓடு கட்டிக்கொள்ளும். சேற்று மணல் துகள்களை ஒட்டிக் கட்டிக்கொள்பவையும் உண்டு. 1872 முதல் 1876 வரை உலகக் கடல்களைச் சுற்றிவந்த ‘சேலஞ்சர்’ என்ற ஆங்கிலக் கப்பல் அள்ளிவந்த கடலடி மண்ணிலிருந்து இவற்றைப் பிரித்து, 1884-இல் பிரேடி என்பவர் பெரிய நூலாக வெளியிட்டார். எகிப்தின் கீஸா பிரமிடுகளைக் கட்டிய சுண்ணாம்புக் கல்லில் இவற்றில் பெரிய வகையொன்றின் ஓடுகள் நிறைந்திருக்கின்றன. வேலையாட்கள் உண்டு மிஞ்சிய பருப்புதான் கல்லாகிவிட்டது என்று அக்காலத்து மக்கள் பேசிக்கொண்டதை ஸ்டிராபோ என்ற கிரேக்கர் எழுதிவைத்திருக்கிறார்.

உயிர் போன பின்னும் ஓடு மிஞ்சுவதால் இவை கடலின் பழைய கணக்குப் புத்தகமாகின்றன. கரையோரத்தில் வாழும் வகை வேறு, ஆழத்தில் வாழும் வகை வேறு. ஆகவே கடலடியில் துளையிட்டு எடுக்கும் மண்ணில் எந்த அடுக்கில் எந்த ஓடு இருக்கிறதென்று பார்த்தால், அந்தக் காலத்தில் அங்கே நீர் எவ்வளவு ஆழம் என்று சொல்லலாம். ஏறக்குறைய 20,000 ஆண்டுகளுக்கு முன் உலகக் கடல் மட்டம் இன்றைக்கு 120 மீட்டர் அளவுக்குத் தாழ்ந்திருந்தது. நம் மலாக்கா நீரிணை அன்று தரை. ஆறுகளைக் கடக்கத் தெரிந்தவன் சுமத்ராவுக்கு நடந்தே போயிருப்பான். பிறகு பனி உருகிக் கடல் ஏறியது. 1979-இல் ஜெர்மானிய ஆய்வாளர்கள் நம் நீரிணையின் பழைய பாக்காவ் மண்ணைக் காலக்கணிப்பு செய்து, 8,000 ஆண்டுகளுக்கு முன் தாழ்ந்திருந்த கடல், சுமார் 5,000 ஆண்டுகளுக்கு முன் இன்றைய மட்டத்துக்கும் சில மீட்டர் மேலே வந்து, பின் இறங்கியது என்று காட்டினார்கள்.

அப்படியானால் கடல் ஏறுவதும் இறங்குவதும் புதிதல்லவே, இப்போது ஏன் கவலை என்று கேட்போருக்கு ஒரு பதில் உண்டு. அன்று கடல் ஏறியபோது பாக்காவ் காடும் அதன் சேறும் மெல்ல மெல்ல நிலப்பக்கம் நகர்ந்தன, தடுப்பார் இல்லை. கடந்த நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து கடல் மட்டம் சுமார் 20 சென்டிமீட்டர் உயர்ந்திருக்கிறது, வேகமும் கூடுகிறது. ஆனால் காட்டுக்குப் பின்னால் இப்போது பண்டு நிற்கிறது. உப்புநீர் புகாமல் தென்னையையும் செம்பனையையும் காக்க எழுப்பிய மண்கரை அது. தோட்டத்தில் வேலை செய்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். அதைக் குறை சொல்ல நான் வரவில்லை. முன்னே கடல், பின்னே பண்டு என்று நடுவில் காடு ஒடுங்குகிறது என்பதே செய்தி.

மலாக்கா நகரக் கரையிலோ கடலே பல கட்டங்களாக நிரப்பப்பட்டது. புலாவ் மலாக்கா முழுதும் மண் கொட்டி உண்டாக்கிய தீவு. ஊஜோங் பாசிரில் போர்த்துகீசியக் குடியிருப்பு மீனவர்கள் தலைமுறை தலைமுறையாக நீரில் நடந்தே கைவலை தள்ளி, பிளாச்சானுக்கும் சிஞ்சாலோக்குக்கும் உரிய கெராகாவ் பிடித்தவர்கள். பிடிப்பு குறைந்துவிட்டதை அவர்கள் நீண்ட காலமாகச் சொல்லி வருகிறார்கள். கொட்டிய மண்ணுக்கு அடியில் போன சதுர மீட்டர்களை மேலே சொன்ன லட்சங்களால் பெருக்கிப் பார்க்கலாம்.

இன்னொரு மாற்றம் கண்ணுக்குத் தெரியாதது. நாம் எரிக்கும் எண்ணெயாலும் நிலக்கரியாலும் எழும் கரியமில வாயுவில் ஏறக்குறைய கால் பங்கைக் கடல் வாங்கிக்கொள்கிறது. அதனால் கடல்நீரின் காரத்தன்மை குறைகிறது. சுண்ணாம்பு ஓடு கட்டும் உயிர்களுக்கு இது நேரடித் தொல்லை. நூற்புழுவுக்கு ஓடு இல்லை, அது தாங்கிக்கொள்ளும். ஆகவே சேற்றில் எத்தனை உயிர் என்பதோடு எந்த உயிர் என்பதையும் பார்க்க வேண்டியிருக்கிறது. நூற்புழுவின் எண்ணிக்கையைக் கோப்பிபொட்டின் எண்ணிக்கையால் வகுத்தால் நீர் கெட்டிருப்பதை அறியலாம் என்று 1981-இல் பிரிட்டனில் ஓர் எளிய கணக்கு சொன்னார்கள். எல்லாக் கரைக்கும் அது பொருந்தவில்லை. நம் கரைக்கு நம் கரையிலேயே எண்ணியாக வேண்டும். சசேகுமார் போன்றவர்கள் விட்டுச்சென்ற பழைய எண்ணிக்கை இல்லாவிட்டால் இன்றைய எண்ணிக்கையை எதனோடு ஒப்பிடுவது?

2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலைக்குப் பிறகு, 2005 முதல் நம் அரசாங்கம் கரையோரங்களில் பாக்காவ் கன்றுகளை நடும் திட்டத்தைத் தொடங்கியது. சேறு அரித்துப்போன இடத்தில் கன்று நிற்பதில்லை. சிலாங்கூரில் சுங்கை ஹாஜி டொராணியில் வன ஆராய்ச்சிக் கழகத்தார் முதலில் மணல் நிரப்பிய பெரிய குழாய்ப் பைகளைக் கடலில் கிடத்தி அலையின் வேகத்தைக் குறைத்தார்கள். அதன் பின்புறம் சேறு வந்து படிந்தது. கன்றை அதற்குப் பிறகுதான் ஊன்றினார்கள்.