ஆமைக்குஞ்சுக்கு முறையிடத் தெரியாது

கொம்பனித்தெரு,
கொழும்பு 02.

அன்பின் மருமகள் அபிராமிக்கு,

உன் பிறந்தநாளுக்கு வேலைத்தலத்துப் பிள்ளைகள் ஓர் ஆமைக்குஞ்சு வாங்கித் தந்ததாக அம்மா சொன்னாள். நீ அனுப்பிய படங்களையும் பார்த்தேன். “மாமா, இதுக்கு என்ன சாப்பாடு குடுக்கிறது?” என்று மட்டும் கேட்டிருக்கிறாய். சாப்பாடு நாலாவது கேள்வி, பிள்ளை. அதற்கு முன் மூன்று இருக்கின்றன. இது என்ன ஆமை, இதற்கு வெயில் எங்கிருந்து வரும், தண்ணீரை யார் மாற்றுவது. அந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

படத்தில் இருப்பது பச்சை ஓடு, கண்ணுக்குப் பின்னால் ஒரு சிவப்புக் கோடு. கடைக்காரர்கள் ஸ்லைடர் என்று விற்கும் அமெரிக்க ஆமை அது. மிசிசிப்பி ஆற்றுப் பக்கத்துப் பிராணி. தண்ணீரில் வாழும், கரையேறி வெயில் காயும். வெறும் தரையில் விட்டு வளர்க்கிற ஆமை அல்ல.

உன் அதிர்ஷ்டம், அது நட்சத்திர ஆமைக்குஞ்சாக இல்லை. கறுப்பு ஓட்டில் மஞ்சள் கோடுகள் விரியும் அந்தத் தரை ஆமை, புத்தளம், அம்பாந்தோட்டை போன்ற நம் வறண்ட பகுதிகளுக்குச் சொந்தமானது. அதை வீட்டில் வைத்திருப்பது தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டப்படி குற்றம். 1937-இலேயே வந்த சட்டம் அது. “பாவம், றோட்டில் கிடந்தது” என்று யாராவது கொண்டுவந்து தந்தாலும் வாங்காதே. வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்துக்கு 1992 என்ற இலக்கத்தில் சொல். இந்தியாவில் ஒரே ஒரு வணிகப் பகுதியிலிருந்து மட்டும் ஆண்டுக்குக் குறைந்தது 55,000 நட்சத்திர ஆமைகள் காட்டிலிருந்து பிடிக்கப்படுகின்றன என்று 2015-இல் ஓர் ஆய்வு வந்தது. அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் மாநாடு 2019 மே மாதம் நம் கொழும்பில்தான் கூடவிருந்தது. உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்களுக்குப் பிறகு அதை ஆகஸ்டில் ஜெனீவாவுக்கு மாற்றினார்கள். இலங்கையும் இந்தியாவும் மற்ற நாடுகளோடு சேர்ந்து கேட்டதன்பேரில், நட்சத்திர ஆமையை நாடுவிட்டு நாடு விற்பதற்கு அங்கேதான் மிகக் கடுமையான தடை போட்டார்கள்.

இனி உன் குஞ்சுக்கு வருவோம். நாய்க்குப் பசித்தால் குரைக்கும், பூனை காலைச் சுற்றும். ஆமைக்கு முறையிடத் தெரியாது. அதன் உடம்பு எல்லாவற்றையும் மெதுவாகச் செய்யும், நோயையும்கூட. இன்றைக்கு நாம் விடும் பிழை மாதக்கணக்கில் உள்ளே சேர்ந்து, பிறகுதான் ஓட்டிலும் கண்ணிலும் தெரியும். அப்போது திருத்த நேரம் இருக்காது. “நல்லாத்தானே இருக்கு” என்ற சொல்லை நம்பி ஆமை வளர்க்க முடியாது. அது நன்றாக இருக்கிறதோ இல்லையோ, செய்யவேண்டியதை அந்தந்த நாளில் செய்துவிட வேண்டும். இந்தக் கடிதத்தில் வேறெதை மறந்தாலும் இதை மறவாதே.

முதலில் வெயில். சூரிய ஒளியில் உள்ள புற ஊதாக் கதிர் தோலில் பட்டால்தான் ஆமையின் உடம்பில் வைட்டமின் டி சரியாக ஊறும். அது இல்லாமல் சுண்ணாம்புச் சத்து எலும்பிலும் ஓட்டிலும் ஏறாது. கடையில் பார்க்கும் குஞ்சுகளில் பல ஓடு கோணிச் சாவது இதனால்தான். கண்ணாடி அந்தக் கதிரை மறித்துவிடும். ஆகவே மூடிய யன்னலுக்குள் வைத்த தொட்டியில் வெளிச்சம் எவ்வளவு விழுந்தாலும் பயனில்லை. உங்கள் வெள்ளவத்தை வீட்டு பல்கனி கடல் பக்கம் பார்த்தது. அங்கே வருவது பின்னேர வெயில். நாலு மணிக்குப் பிறகு சூடு இருக்கும், கதிர் குறைந்துவிடும். காலை ஒன்பது மணியளவில் மொட்டை மாடிக்குக் கொண்டுபோ. அகலமான பேசினில் கொஞ்சம் தண்ணீர், ஏறி நிற்க ஒரு கல், பாதி இடத்துக்கு நிழல். கால் மணி நேரம் போதும். கண்ணாடித் தொட்டியோடு வெயிலில் வைத்துவிடாதே, தண்ணீர் கொதித்துக் குஞ்சு செத்துவிடும். மேலே கம்பிவலை கட்டாயம் வேண்டும். கொழும்புக் காகத்துக்கு இந்த அளவுக் குஞ்சு ஒரு வாய்.

மழை நாட்களுக்கும் நீ வேலைக்கு ஓடும் நாட்களுக்கும் ஊர்வனவற்றுக்கென்று விற்கும் புற ஊதா மின்குமிழ் வேண்டும். சாதாரணக் குமிழில் அந்தக் கதிர் இல்லை. புற ஊதாக் குமிழிலும் வெளிச்சம் மங்காமல் இருக்கும்போதே கதிர் தீர்ந்துபோகும். ஆகவே பெட்டியில் சொல்லியிருக்கும் காலத்தில் மாற்றிவிடு. குமிழுக்குக் கீழே முழுவதும் காயக்கூடிய ஒரு மேடை, அங்கே சூடு 30 முதல் 32 பாகை வரை. தண்ணீர் 26, 27 பாகை. கொழும்பில் தண்ணீரைச் சூடாக்க வேண்டியதில்லை. ஆனால் நீ இரவு முழுக்க ஏசி போட்டுத் தூங்குகிறவள். அந்த அறையில் வைத்தால் குஞ்சுக்குச் சளி பிடிக்கும். தொட்டியை ஹோலுக்கு மாற்று.

அடுத்தது தண்ணீர். பிளாஸ்டிக் தென்னைமரம் நட்ட அந்தச் சின்னப் பெட்டியை இன்றைக்கே எறி. குஞ்சு அதில் நீந்த முடியாது, தன் கழிவையே குடித்துக்கொண்டிருக்கும். ஓட்டின் ஒவ்வொரு அங்குலத்துக்கும் சுமார் 40 லீற்றர் என்று கணக்கு வை. ஆழம் அதன் ஓட்டு அகலத்தைவிடக் கூட இருக்கட்டும், கவிழ்ந்தால் நிமிர இடம் வேண்டும். வடிகட்டும் மோட்டார் ஒன்று பூட்டு. அது ஓடினாலும் வாரம் ஒருமுறை பாதித் தண்ணீரை மாற்று. குழாய்த் தண்ணீரைத் திறந்த வாளியில் ஒரு நாள் வைத்திருந்து ஊற்றினால் குளோரின் குறையும்.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். ஆமைக்கென்று விற்கும் மிதக்கும் உருண்டைத் தீனிதான் அடிப்படை. குஞ்சாக இருக்கும்வரை நாளுக்கு ஒருமுறை, அதன் தலை அளவு. தண்ணீருக்குள் இருந்தால்தான் அதற்கு விழுங்க முடியும், தரையில் போட்டால் தின்னாது. கங்குன் இலை, சலாது இலை இரண்டையும் பிய்த்து மிதக்கவிட்டுப் பழக்கு. வளர வளர அது இலைக்கு மாறும், அப்போது உருண்டையைக் குறைத்துவிடலாம். காய்ந்த இறால் பக்கெட்டை மட்டும் போட்டு வளர்க்காதே, அது பிள்ளைக்கு முறுக்கு மாதிரி. சுண்ணாம்புச் சத்துக்குக் கணவாய் ஓட்டைக் கழுவிக் காயவைத்து ஒரு துண்டு தண்ணீரில் போடு, வேண்டியபோது கடிக்கும். உன் அம்மம்மா சோற்றுப் பருக்கையும் பாணும் போடப் பார்ப்பார். பணிவாக மறித்துவிடு. கருவாடும் கூடாது, உப்பு ஆகாது.

இன்னொன்று, இதை அக்காவுக்கும் வாசித்துக் காட்டு. பார்க்க நலமாக இருக்கும் ஆமையின் உடம்பிலும் சல்மொனெல்லா கிருமி இருக்கலாம். குழந்தைகள் வாயில் வைத்து நோயில் விழுகிறார்கள் என்பதால், நாலு அங்குலத்துக்குக் குறைந்த ஆமைகளை விற்க அமெரிக்காவில் 1975-இலேயே தடை போட்டுவிட்டார்கள். தொட்ட கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவு. தொட்டிச் சாமான்களைக் குசினி சிங்கில் கழுவாதே. அக்காவின் பேபி வந்தால் பார்க்கலாம், தொடக் கூடாது.

ஒவ்வொரு ஞாயிறும் நிறுத்துப் பார்த்து ஒரு கொப்பியில் எழுது. குசினித் தராசு வேண்டாம், தனியாக ஒன்று வாங்கு. ஆமை வாய் திறந்து சொல்லாததை அந்தக் கொப்பி சொல்லும். கண் வீங்கி மூடியிருந்தால், மூக்கில் குமிழி வந்தால், வாயைத் திறந்து மூச்சு வாங்கினால், ஒரு பக்கம் சாய்ந்து நீந்தினால் அன்றைக்கே மிருக வைத்தியரிடம் போ. குஞ்சின் ஓடு தொடக்கத்தில் கொஞ்சம் நெகிழும், போகப்போக இறுகவேண்டும். இறுகாமல் மேலும் மென்மையானாலும் அப்படியே. எல்லா வைத்தியரும் ஆமை பார்க்கமாட்டார்கள். யார் பார்ப்பார் என்று இப்போதே தொலைபேசியில் விசாரித்து இலக்கத்தை எழுதி வை.

கடைசியாக, கடையில் யாரும் சொல்லாத ஒன்று. உள்ளங்கையில் அடங்கும் இந்தக் குஞ்சு பெண்ணாக இருந்தால் 25 சென்றிமீற்றருக்கு மேல் வளரும், முப்பது ஆண்டுகூட வாழும். நான் சொன்ன கணக்குப்படி அப்போது உனக்கு 400 லீற்றர்த் தொட்டி வேண்டும். தண்ணீரின் பாரம் மட்டும் 400 கிலோ. அதைத் தொடர்மாடி வீட்டில் எங்கே வைப்பாய்? இந்த இடத்தில்தான் பலர் ஓர் இரவில் ஆமையைக் கொண்டுபோய்க் குளத்தில் விடுகிறார்கள், புண்ணியம் என்றும் நினைத்துக்கொள்கிறார்கள். என் வீட்டிலிருந்து பேரை வாவி நடை தூரம். “மாமா வீட்டுப் பக்கம் வாவி இருக்குத்தானே” என்று ஒரு நாளும் கேட்டு வராதே. உலகில் மிகக் கேடான 100 அந்நிய உயிரினங்களின் பட்டியலில் இந்த ஆமை இருக்கிறது. நம் பாலாமையும் கறுப்பாமையும் வெயில் காயும் இடத்தையும் இரையையும் அது பிடித்துக்கொள்ளும். நீ இரக்கப்பட்டு விட்ட ஒன்று, நீ பார்த்தேயிராத பலவற்றின் வயிற்றில் அடிக்கும்.

நீ மேற்படிப்புக்கு அவுஸ்திரேலியாவுக்கு விண்ணப்பிக்கப் போவதாகவும் அம்மா சொன்னாள். அங்கே இந்த ஆமை தடைசெய்யப்பட்ட பீடை, கூடக் கொண்டுபோக முடியாது. ஆகவே மின்குமிழ் வாங்குவதற்கு முன்னால், நீ போனபிறகு இதை வைத்திருக்கச் சம்மதிக்கும் ஒருவரிடம் கேட்டு, அவர் பெயரைக் கொப்பியின் முதல் பக்கத்தில் எழுது. ஒருவரும் கிடைக்காவிட்டால், வாங்கித் தந்த பிள்ளைகளிடம் சொல்லி இந்தக் கிழமையே கடைக்குத் திருப்பிக் கொடு. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பெயர் எழுதும்போது என்னை எழுதிவிடாதே. எனக்கு வயது 68, கணக்குப்படி உன் ஆமை என்னைத் தாண்டி இருக்கும்.

அன்புடன்,
மாமா