தேனை எடுங்கள், கூட்டைக் காப்பாற்றுங்கள்



முன்னாளில் தேனெடுப்பவர் புகையிட்டு, அடையைப் பிழிந்துவிடுவார். கொஞ்சம் தேனுக்காகக் குஞ்சுகளெல்லாம் மடியும்.

திருச்சிராப்பள்ளியில் இருந்த சேசு சபைக் குரு நியூட்டன் சுவாமிகள் இதற்கு வழி கண்டார். நம் நாட்டுத் தேனீக்குத் தக்க சிறு மரப்பெட்டியை அமைத்து, 1911 முதல் 1917 வரை கிராமத்தாருக்குப் பயிற்சி அளித்தார். கீழறையில் குஞ்சுகள், மேலறையில் தேன். சட்டங்களைத் தனித்தனியே எடுக்கலாம். ஆகவே குஞ்சுகளுக்குச் சேதமில்லை. நியூட்டன் பெட்டி இன்றும் வழக்கிலுள்ளது.

பூசணியின் ஆண் பூவிலிருந்து பெண் பூவுக்கு மகரந்தம் சுமப்பது தேனீயே. மகரந்தம் சேராவிடில் பிஞ்சு வெம்பிவிடும். ஆகையால் வல்லக்கோட்டையில் உங்கள் வீட்டருகே கூடு கண்டால் பந்தம் கொளுத்தாதீர்கள். தேனீ வளர்ப்பவரை அழையுங்கள். பயிருக்கு மருந்து தெளிப்பதானால், தேனீக்கள் கூடடைந்தபின் மாலையில் தெளியுங்கள்.