குற்றம் உன் மனதில் இல்லை

அன்புள்ள பாப்பாவுக்கு,

"அவர் மேல தப்பில்ல சித்தி, எனக்குத்தான் மனசு சரியில்ல" என்று நேற்று போனில் சொன்னாய். மனசு சரியில்லை என்பது உண்மை. காரணம் நீதான் என்பதை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

பொங்கலுக்கு வந்தபோது, வீட்டில்தான் இருக்கிறாய் என்று உன் காதலனுக்குக் காட்ட எங்களையெல்லாம் உட்காரவைத்துப் போட்டோ எடுத்து அனுப்பினாய். நீல டிக் வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தாய். இலையில் சோறு ஆறிப்போனது. உன் தூக்கமின்மை, படபடப்பு, நடந்தது நடந்ததுதானா என்ற சந்தேகம் எல்லாம் எந்நேரமும் ஒருவனுடைய கோபத்துக்குப் பயந்து வாழ்வதால் வருபவை. துணையின் வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு மனச்சோர்வு வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரு மடங்கு என்று உலக சுகாதார நிறுவனம் 2013-இலேயே சொல்லிவிட்டது.

கை நீட்டியதில்லை என்பாய். நம் நாட்டின் 2005-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டம் ஒரே வீட்டில் வாழ்கிற அல்லது வாழ்ந்தவர்களுக்கானதுதான். ஆனால் இழிவாகப் பேசுவதையும் மனதை வதைப்பதையும் அது வன்முறை என்றே சொல்கிறது.

திட்டிய மறுநாள் அழுது மன்னிப்புக் கேட்கிறான், பூ வாங்கி வருகிறான், அதனால்தான் விட முடியவில்லை என்கிறாய். கனடாவில் டட்டன், பெயின்டர் என்ற இருவர் இதைத்தான் ஆராய்ந்தார்கள். கொடுமையும் கனிவும் மாறி மாறி வரும்போது பிடிப்பு இறுகுகிறது என்றார்கள். துணையைப் பிரிந்து வந்த 75 பெண்களிடம் கேட்டு 1993-இல் எழுதினார்கள்: ஆறு மாதம் கழித்து அந்தப் பிடிப்பு குறைந்திருந்தது, முழுதாகப் போய்விடவில்லை. ஆகவே பிரிந்த பிறகு ஏக்கம் வரும். வந்தால், அவன் நல்லவன் என்பதற்கு அதைச் சாட்சியாக எடுத்துக்கொள்ளாதே.

'கடைசியாக ஒருமுறை பேசி முடிக்கலாம்' என்று தனியாகப் போகாதே; பிரியும் நேரம்தான் ஆபத்தானது. உன் அறைத்தோழியிடம் எல்லாவற்றையும் சொல்லிவை. பாஸ்வேர்டுகளை மாற்று, லொகேஷனை நிறுத்து. மிரட்டினால் பெண்கள் உதவி எண் 181-ஐக் கூப்பிடு. செத்துவிடலாம் என்று தோன்றினால் நடு இரவானாலும் எனக்குப் போன் போடு.

அப்பாவிடம் நான் பேசிக்கொள்கிறேன். அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் எண் 14416. இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள், காசில்லை, தமிழிலேயே பேசலாம். இந்தக் கடிதத்தைப் படித்த கையோடு அவர்களைக் கூப்பிடு.

உன் சித்தி